நீலம் தீட்டிய தெருக்கள்

பள்ளிக்கூடத்தில் பூகோளம் என்றாலே ஒப்புக்குச் சப்பாணிதான். கணக்குப் பாடம் முடியவில்லையா, பூகோள வகுப்பை எடுத்துக்கொள்வார்கள். விளையாட்டுப் போட்டிக்கு ஒத்திகையா, அதற்கும் பூகோள வகுப்புதான். ரொட்டி டீச்சருக்கு அந்தப் பாடம் வந்து சேர்ந்ததே, மற்றவர்கள் எல்லாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்டதால்தான். முதல் சில வருஷம் அவளும் ஊரோடு ஒத்துத்தான் போனாள். நீளமான ஆறு எது, உயரமான மலை எது, எந்த நாட்டுக்கு எது தலைநகர். பிள்ளைகள் ஒப்பித்தார்கள், எழுதினார்கள், மறந்தார்கள்.

அவளுக்கு ரொட்டி டீச்சர் என்று பேர் வந்ததற்கு ஒரு கடைசி பெஞ்சுப் பெண் காரணம். பாலைவனங்களைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், வாசல் கடையில விக்கிற ரொட்டி ஏன் சின்னதாயிடுச்சு?"

வகுப்பே சிரித்தது. உட்காரு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலைதான் டீச்சர் பேப்பரில் ஒரு போர்ச் செய்தி படித்திருந்தாள். சுருட்டி வைத்திருந்த உலகப் படத்தை இறக்கினாள். கோதுமை விளைகிற இடம் இது, கப்பல் கிளம்புகிற துறைமுகம் இது, குண்டு விழுகிற இடமும் இதேதான், கப்பல் நிற்கிறது, மாவு வரவில்லை என்று விரலால் இழுத்துக்கொண்டே வந்து பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினாள்.

"அப்போ கடைக்காரர் மேல தப்பே இல்லையா டீச்சர்?"

"அவர் மேல கொஞ்சம். சண்டை போடறவங்க மேல மிச்சம்."

மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவள் பாடம் நடத்தும் விதமே மாறிப் போனது. பேப்பரும் கையுமாக வகுப்புக்குப் போவாள். ஒரு நாட்டில் அணை கட்டினால் அடுத்த நாட்டில் ஏன் சண்டை வருகிறது, பனி உருகுவதற்கும் நம் கடற்கரை சுருங்குவதற்கும் என்ன தொடர்பு, பிள்ளை குட்டிகளோடு எல்லை தாண்டி நடக்கிறவர்கள் எதை விட்டு ஓடுகிறார்கள் என்று பேச்சு போகும். பரீட்சையில் இதெல்லாம் வராது என்று பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பிள்ளைகள் மார்க்கும் வாங்கினார்களே, என்ன சொல்ல முடியும்?

வீட்டில்தான் அவள் பேச்சைக் கேட்க ஆளில்லை. கணவர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தார். விபத்து, தீ, திருட்டு என்று நாள் முழுக்கப் பிறர் நஷ்டத்தை அளந்துவிட்டு வருகிறவர். வீட்டுக்கு வந்தால் டிவி, சாப்பாடு, படுக்கை. அவள் ஏதாவது ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே வாயடைப்பார்.

"உலகத்தையே வகுப்புல விரிச்சு வைக்கிறே. வீட்டுச் சாவியை எங்க வச்சேன்னு மட்டும் உனக்குத் தெரிய மாட்டேங்குது."

கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. மகளை விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். ஆனால் இத்தனை வருஷத்தில் 'இன்னைக்கு என்ன பாடம் நடத்தினே' என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவளும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டிருந்தாள்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்த தெருக்களுக்குள் புகுந்தது. பள்ளியின் முக்கால்வாசிப் பிள்ளைகள் அந்தத் தெருக்காரர்கள். டீச்சரின் வீடு மேட்டில் இருந்ததால் வாசற்படிகூட நனையவில்லை. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் கதை கதையாகச் சொன்னார்கள். எங்க வீட்ல முட்டி வரைக்கும், எங்க வீட்ல ஜன்னல் வரைக்கும் என்று போட்டி வேறு. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உலகமெல்லாம் வெள்ளம் வெள்ளம் என்கிறார்களே, நம் ஊர் வெள்ளத்துக்கு ஒரு வரைபடம் போட்டால் என்ன?

பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வீடு வீடாகப் போனார்கள். "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டு, கணுக்கால் என்றால் வெளிர் நீலம், இடுப்பு என்றால் நடு நீலம், ஜன்னலைத் தாண்டினால் கறுப்புக்குப் பக்கத்து நீலம் என்று வகுப்பறையின் பெரிய தாளில் தீட்டினார்கள். முதலில் பெரியவர்கள் சிலர் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வந்ததை யாராவது பெருமையாகச் சொல்வார்களா? டீச்சரே பிள்ளைகளோடு போய் நின்ற பிறகுதான் பேசினார்கள்.

அந்தத் தெருக்களில் ஒன்றில் தையல் தைக்கும் ஒருத்தி இருந்தாள். வீட்டின் முன்னறையில் இரண்டு மிஷின் போட்டிருந்தாள். துணிக் கம்பெனிக்காரர்கள் வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து இறக்குவார்கள், தைத்து அனுப்புவாள். அவள் மகள் டீச்சரின் வகுப்பில் படித்தாள். வெள்ளத்தன்று மிஷின் தலையைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வெட்டுமேசை மேல் ஏறி நின்றதை அவள் செய்தே காட்டினாள். சொல்லி முடித்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"டீச்சர், இதையெல்லாம் எழுதி எங்க குடுப்பீங்க?"

"எங்கேயும் குடுக்க மாட்டேன். வகுப்புச் சுவத்துல மாட்டி வைப்போம், அவ்வளவுதான். நான் சொல்றேன்ல."

நான் சொல்றேன்ல. அந்த வார்த்தையை நம்பித்தான் தெரு முழுக்கக் கதவு திறந்தது. தையல்காரியின் மகள் படத்தில் தன் வீட்டின் மேல் குட்டியாக ஒரு மீனும் வரைந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு அடுப்படியில் ஒரு மீன் துள்ளிக்கொண்டு கிடந்ததாம்.

அந்த நாட்களில் வீட்டிலும் ஓர் அதிசயம் நடந்தது. கணவர் டிவியை நிறுத்திவிட்டு, டீயோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் படம் எந்த அளவுக்கு வந்திருக்கு?"

அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டதற்கு ஒன்பது வார்த்தை சொன்னாள். மறுநாளும் கேட்டார். ரயில் பாதைப் பக்கம் தண்ணீர் எத்தனை நாள் நின்றது, பட்டறைகள் இருக்கிற சந்தில் எப்படி, ஒவ்வொரு மழைக்கும் வருமா, பெரிய மழைக்குத்தானா? அவள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். வெயில், மழை, கடல் மட்டம் என்று அவள் எங்கெங்கோ போனாலும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் எப்போது வரும் என்று அவள் மனசு பள்ளிக்கூடத்திலேயே பரபரக்கத் தொடங்கியது. இத்தனை வயசுக்கு மேல் இது என்ன கூத்து என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். மகளிடம் போனில், "அப்பா ரொம்ப மாறிட்டாருடி" என்று வெட்கத்தோடு சொன்னாள்.

படத்தைப் பெற்றோருக்குக் காட்டிய நாளன்று அவர் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். ஆணி அடித்துக் கொடுத்தார். போனில் படத்தைத் துண்டு துண்டாக, பக்கத்தில் போய்ப் பொறுமையாகப் போட்டோ எடுத்தார். "நீயும் நில்லு" என்று அவளை ஓரமாக நிறுத்தியும் எடுத்தார். பெரிய டீச்சர் காதருகில் வந்து, "குடுத்து வச்சவங்க நீங்க" என்றார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

வெயில் காலம் வந்து, போயிற்று. ஒரு மத்தியானம் தையல்காரி பள்ளிக்கு வந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எப்போதும் சிரிக்கிறவள், அன்று சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"இன்சூரன்ஸைப் புதுப்பிக்க மாட்டேன்னுட்டாங்க டீச்சர். எங்க தெருவுல ஒருத்தருக்கும் இல்லையாம். இன்சூரன்ஸ் இல்லாத வீட்ல துணி இறக்க மாட்டோம்னு கம்பெனிக்காரங்களும் துணிக் கட்டுங்களை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மிஷினும் சும்மா கிடக்கு."

"எதுக்காம்?"

"அதைத்தான் நானும் ஆபீஸ்ல போய்க் கேட்டேன். கம்ப்யூட்டர்ல ஒரு படத்தைக் காட்டினாங்க. தண்ணி ஏறுற தெருவாம்." அவள் ஒரு நொடி நிறுத்தினாள். "என் பொண்ணு போட்ட மீன் அதுல இருக்கு டீச்சர். ஓரமா உங்க கையும் இருக்கு. இந்த வாட்சோட."

டீச்சர் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அந்தக் கை அந்த ஓரத்தில் எப்படி வந்தது, யார் நிற்கச் சொன்னது, யார் எடுத்தது என்பதெல்லாம் அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

"எங்கேயும் போகாதுன்னு சொன்னீங்களே" என்றாள் தையல்காரி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நான் குடுக்கலை. நாளைக்கு நானே உங்க தெருவுக்கு வந்து சொல்றேன்."

"என்னத்தைச் சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்கு நிற்காமல் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"பிள்ளைங்க போட்ட படத்தை ஆபீஸ்ல குடுத்தீங்களா?"

மழுப்புவார் என்று நினைத்தாள். மழுப்பவில்லை.

"ஆமா. அதுல என்ன ரகசியம் இருக்கு? எல்லாரும் பாக்கத்தானே சுவத்துல மாட்டியிருந்தே?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் காலரை நீவிக்கொண்டே பேசினார். "கடல் ஏறுது, மழை முன்ன மாதிரி இல்லைன்னு நீதானே பாடம் நடத்துறே? ஆபீஸும் அதையேதான் சொல்லுது. உலகம் பூரா இப்படித்தான் பண்றாங்க. தண்ணி வர்ற இடத்துக்கு எவன் இன்சூரன்ஸ் குடுப்பான்? அந்தப் படத்துல ஏதாவது பொய் இருக்கா, சொல்லு?"

"பொய் இல்லை. ஆனா அவங்க அதை என்கிட்ட சொன்னாங்க. உங்க ஆபீஸ்ல சொல்லலை."

"நான் ஒருத்தன் குடுக்கலைன்னா ஆள் அனுப்பி அளந்திருப்பாங்க."

அவளுக்கு அந்த வாதமெல்லாம் காதில் ஏறவில்லை. வேறொன்று நெஞ்சில் முள்ளாக நின்றது. "அப்போ தினமும் டீயை வச்சிக்கிட்டு என்கிட்ட கேட்டீங்களே. அதெல்லாம்?"

"முதல்ல சும்மாதான் கேட்டேன்."

"எப்போலேருந்து சும்மா இல்லை?"

அவர் சட்டையை மறுபக்கம் திருப்பிப் போட்டார். பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகு ஒருபோதும் சொல்லவில்லை. எந்தச் சாயங்காலம் வரை மனைவியின் பேச்சைக் கேட்டார், எந்தச் சாயங்காலம் முதல் வாயைப் பிடுங்கினார்? அவள் ஒவ்வொரு நாளாக நினைவில் இழுத்து வைத்துப் பார்த்தாள். எல்லா நாளும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. அதுதான் கொடுமையாக இருந்தது. அவற்றில் ஒரு பத்து நாளாவது நிஜம் என்று தெரிந்திருந்தால் அதை மட்டுமாவது வைத்துக்கொண்டிருப்பாள்.

மகளை அழைத்துச் சொன்னாள். மகள், "அப்பா எடுக்கலைன்னாலும் வேற யாராவது எடுத்திருப்பாங்கம்மா" என்றாள்.

"வேற யாராவது எடுத்திருந்தா எனக்கு வலிச்சிருக்காது" என்று சொல்லிவிட்டு டீச்சர் போனை வைத்தாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் சொன்னபடி போனாள். தையல்காரியின் வாசலில் நின்று, கூடியவர்களிடம் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். படத்தைக் கொடுத்தது என் வீட்டுக்காரர். எனக்குத் தெரியாமல் கொடுத்தார். அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னது நான். யாரும் அவளை அடிக்க வரவில்லை, திட்டவில்லை. வெல்டிங் பட்டறைக்காரர் மட்டும் கேட்டார்.

"உங்க வீடு மேட்டுத் தெருவுலதானே டீச்சர்? உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

"இருக்கு."

"ம்" என்றார் அவர்.

படம் பொய் என்று எழுதிக் கொடுங்கள், பிள்ளைகள் விளையாட்டாகத் தீட்டியது என்று சொல்லுங்கள் என்றாள் ஒரு தாய். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைகள் வெயிலில் அலைந்து கேட்டு வந்ததைப் பொய் என்று அவள் எப்படிச் சொல்வாள்? சொல்லாவிட்டால் இந்தத் தாயின் முகத்தில் எப்படி விழிப்பாள்? இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போய், இது பள்ளிக்கூடப் பயிற்சி, யார் சம்மதமும் இல்லாமல் எடுத்தது, இதை வைத்துத் தெருவைத் தண்டிக்காதீர்கள் என்று மட்டும் கேட்டாள். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், உங்கள் மாணவர்கள் வேலை பிரமாதம் என்று பாராட்டினார். அடுத்த வாரம் அளவெடுக்கும் கருவியோடு இரண்டு பேரை அந்தத் தெருவுக்கு அனுப்பினார். அவர்கள் அளந்ததும் பிள்ளைகள் தீட்டிய நீலத்தோடு அச்சாகப் பொருந்தியது.

அந்த வாரத்தில்தான் ஒரு காலை டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தபோது படத்தில் ஓர் ஓட்டை இருந்தது. விளிம்பு பிசிறில்லாமல், நல்ல கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டி எடுத்திருந்தது. மீன் இருந்த வீடு. தையல்காரியின் மகள் முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான்தான் வெட்டினேன், கேளுங்கள் என்பதுபோல் இருந்தது அவள் பார்வை.

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து அங்கிருந்த கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவங்கவங்க வீட்டை எடுத்துக்கணும்னா எடுத்துக்கலாம். வேற ஒருத்தர் வீட்டைத் தொடக் கூடாது."

முதலில் வெல்டிங்காரர் மகன் எழுந்து வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொரு பெண். வரிசையே நின்றுவிட்டது. பேச்சில்லை, தள்ளுமுள்ளு இல்லை. வெட்டியெடுத்த துண்டைச் சிலர் மடித்துப் பையில் வைத்தார்கள், சிலர் கிழித்துப் போட்டார்கள். பாட வேளை முடிந்தபோது சுவரில் மேட்டுத் தெருக்கள் மட்டும் வெள்ளையாக மிச்சமிருந்தன. மற்ற இடமெல்லாம் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. பெரிய டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இது, படம் கந்தலாயிடுச்சு?" என்றார்.

"அவங்க படம். அவங்களே எடுத்துக்கிட்டாங்க" என்றாள் டீச்சர். எல்லாரும் போன பிறகு மிச்சத்தையும் கழற்றிச் சுருட்டினாள்.

கணவருக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. பெட்டி கட்டும்போது, "நீயும் வா. அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கு" என்றார். அவள் அவருடைய சட்டைகளை மடித்துக் கொடுத்தாள், மாத்திரைகளை எடுத்து வைத்தாள், போகவில்லை. பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. பணி ஓய்வுக்குச் சில வருஷம்தானே இருக்கிறது, அதற்காக இருந்துவிட்டாள் என்று அக்கம்பக்கம் பேசிக்கொண்டது. அவர் வாரத்துக்கு ஒரு தடவை அழைப்பார். கேஸ் வந்ததா, தண்ணீர்க் குழாயைச் சரி செய்தார்களா என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வாள். ஒரு தடவை, "இப்போ என்ன பாடம் நடத்துறே?" என்று கேட்டார். அவள் அப்படியே போனை வைத்துவிட்டாள். ஒருவேளை அந்தத் தடவை அவர் நிஜமாகவே கேட்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க அவளிடம் இனி வழியில்லை.

தையல்காரி ஒரு மிஷினை விற்றாள். மற்றதில் பழைய துணிகளுக்கு ஒட்டுப் போட்டுப் பிழைக்கிறாள். தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்வாள், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அவள் மகள் பூகோளத்தில் நல்ல மார்க்கோடு அடுத்த வகுப்புக்குப் போனாள். வருஷம் முடிகிறவரை அவள் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

புது வகுப்பு வந்தது. டீச்சர் பழையபடி பேப்பரோடுதான் போனாள், ஆனால் வெளியே கேள்வி கேட்டு வரப் பிள்ளைகளை அனுப்பவில்லை. அனுப்பினாலும் பயனில்லை. டீச்சரிடம் வீட்டு விஷயம் எதையும் சொல்லக் கூடாது என்று அம்மாமார் சொல்லியே அனுப்பியிருந்தார்கள். அவள் புதிதாக ஒரு பாடம் சேர்த்தாள். நாட்டுப் படங்களை முதலில் யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள், கப்பலில் வந்து கரையை அளந்தவர்கள் அடுத்த தடவை எதைக் கொண்டு வந்தார்கள் என்று நடத்தினாள். எந்தப் படத்தைக் காட்டினாலும் கரும்பலகையில் முதலில் ஒரு கேள்வி எழுதுவாள்: இது யார் கைக்குப் போகும்?

ஒரு நாள் வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோலப் படம் வரைவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பாடப் புத்தகத்தில் இருந்த பாடம், தள்ள முடியாது. பிள்ளைகள் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுருட்டை முடிக்காரி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், நீங்க முதல்ல உங்க வீட்டைப் போடுங்க. அப்புறம் நாங்க போடலாமா வேண்டாமான்னு பாக்கறோம்."

வகுப்பு சிரிக்கவில்லை. டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். நான்கு சுவர் போட்டாள், நடுவில் ஒரு தடுப்பு.

"எத்தனை பேர் இருக்கீங்க டீச்சர்?"

"நான் மட்டும்தான்."

பின்னால் பென்சில்கள் உரசும் சத்தம் ஒன்றிரண்டு கேட்டது. எல்லாருடையதும் அல்ல.

"கதவு எந்தப் பக்கம்?" என்றாள் சுருட்டை முடிக்காரி.

"கிழக்குப் பக்கம்" என்று டீச்சர் கோட்டில் ஓர் இடைவெளி விட்டாள்.